நேரில் கண்டவர்

கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டை போல ஒரு கறுத்த தலை, அலை ஏறும்போது மேலே வருகிறது, அலை இறங்கும்போது காணாமல் போகிறது, போனது போனதுதானோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கையிலேயே இரண்டு கஜம் தள்ளி மறுபடி எழும்புகிறது, இதை என் கண்ணால் கண்டேன், இதோ இந்த ஸ்டாப்வாட்ச்சின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இனி சொல்லப்போவதிலும் ஒரு சொல் கூடப் பொய் கிடையாது, எண்பத்திரண்டு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது என்ன, முப்பத்து நாலு வருடம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவன், இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம் என்று வாழ்ந்தவன். அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் சொந்தமாக ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான், அந்த ஒரே தகுதியில்தான் ஜசிந்தா மொராயிஸ் தலைமன்னாரிலிருந்து நம் கரைக்குக் கடலை நீந்திக் கடந்த அன்று, கூடவே வந்த வள்ளத்தில் நேரம் குறிக்கும் சாட்சியாக என்னை ஏற்றினார்கள், ராமேஸ்வரத்திலிருந்து வரவேண்டிய இன்னொரு சாட்சிக்குக் காய்ச்சல், ஆக வள்ளத்தில் இருந்தது நானும் வள்ளக்காரர் கித்தேரியானும் இரண்டு குடம் குளுக்கோஸ் தண்ணீரும், தண்ணீருக்குள் இருபத்திரண்டு வயது ஜசிந்தா, ஆயிற்று ஐம்பத்தாறு வருடம், ஆனால் கண்ணை மூடினால் அந்தத் தலை இன்னும் எழும்பி அமிழ்கிறது, புகைக்கு நடுவில், ஜசிந்தா வீட்டு அடுப்பில் சாளை மீன் பொரியும் புகை, தலை இப்போது நரைத்திருக்கிறது, என்ன மாஸ்டரே வாசல்லயே நின்னுட்டீங்க, இது என்ன கடலா, உள்ள வாங்க என்கிறது அந்தத் தலை.

உள்ளே விளையாட்டுத் துறை அதிகாரி திலகராணி பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருக்கிறாள், புது விளையாட்டரங்கத்தில் ஒரு காட்சிக்கூடம் கட்டியிருக்கிறார்கள், அதன் நடு அறை ஜசிந்தாவுக்கு, அவள் வாங்கிய கோப்பை கேடயம் பதக்கம் எல்லாவற்றையும் எண் போட்டுப் பட்டியல் எடுத்துக் கண்ணாடிக்குள் வைக்கவேண்டும், எதை யார் எப்போது கொடுத்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவன் நான் என்பதால் எனக்கும் ஆள் அனுப்பியிருந்தாள். சார், அலமாரியில ஒண்ணுமே இல்ல சார் என்றாள் என்னிடம், அலமாரியில வைக்கவா குடுத்தாங்க என்றாள் ஜசிந்தா மீனைத் திருப்பிப் போட்டபடி. எல்லாம் வேலையில் இருந்தன, அதுதான் விஷயம், அந்த வீட்டில் எந்த விருதும் சும்மா இருந்ததில்லை, ஒரு மந்திரி கையால் வாங்கிய பித்தளைக் கேடயம் கருவாட்டுப் பானைக்கு மூடி, மாநில அளவில் வென்ற வெள்ளிக் கோப்பை அரிசி அளக்க, இதுல தலை தட்டி ஒண்ணு போட்டா எனக்கு ரெண்டு வேளைக்குச் சரியா இருக்கும் என்றாள், பதக்கங்கள் ஜன்னல் திரையின் கீழ் ஓரத்தில் வரிசையாகத் தைத்திருந்தன, கடல்காற்றுக்குத் திரை பறக்காது, கைப்பிடி உடைந்த பெரிய கோப்பையில் கோழி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது, அம்மா, இது தேசியப் போட்டிக் கோப்பைம்மா என்றாள் திலகராணி, தெரியும்மா, அதான் முட்டை போடுற கோழிக்கு மட்டும் குடுத்திருக்கேன் என்றாள் ஜசிந்தா.

அரசாங்கம் கொடுத்தனுப்பிய காகிதச் சீட்டுகளில் இருபத்தாறு வரை எண் எழுதி நூலால் கட்டினோம், மறுநாளே அரிசிக் கோப்பையின் நாலாம் எண் சீட்டு அரிசியோடு வெந்துவிட்டது, அதனால் நான் பஜாரில் பேன்சி ஸ்டோருக்குப் போய்ச் சிவப்பு நகப்பூச்சு கேட்டேன், யாருக்குத் தாத்தா என்றாள் கடைப்பெண், இருபத்தாறு பேருக்கு என்றேன், அவள் இருப்பதில் பெரிய சீசாவாக எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியில் எண் போட்டேன், ஏழாம் எண் உப்புக் கோப்பை, அதைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும், அதில் உப்பு பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு விரற்கடை உயரும், நான் துறைமுகத்துக் கடல் ஏற்ற இறக்க அட்டவணையோடு வைத்து ஒத்துப் பார்த்திருக்கிறேன், பத்து நிமிடம் கூட முன்னே பின்னே ஆனதில்லை, இதைப் பட்டியலில் எழுதச் சொன்னேன், திலகராணி எழுதமாட்டேன் என்றுவிட்டாள், இந்தக் காலத்து அதிகாரிகளுக்கு அவ்வளவுதான் துணிச்சல். பத்தொன்பதாம் எண் என்னுடைய விசில், அது எப்படி அம்மாவோட பட்டியல்ல வரும் சார் என்றாள், வரும், அந்த விசில் இல்லாவிட்டால் இந்த அம்மாவே இல்லை, எட்டாவது மணி நேரத்தில், நடுக்கடலில், முதுகில் வெட்டுத் தழும்போடு ஒரு சுறா, கடைசி வரிசைப் பையன் மாதிரி ஒரே இடைவெளி விட்டு அவளுக்குப் பின்னாலேயே வந்தது, நான் பதறவில்லை, எழுந்து நின்று விசிலை ஒரு தடவை நீளமாகவும் ஒரு தடவை குட்டையாகவும் ஊதினேன், சுறா இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டது. அந்தச் சுறாவ நான் பாக்கவேயில்லயே மாஸ்டரே என்றாள் ஜசிந்தா, நீ தண்ணிக்குள்ள முகத்த வச்சிருந்த, எப்படிப் பாப்ப என்றேன், சுறாவும் தண்ணிக்குள்ளதான மாஸ்டரே இருக்கும் என்றாள், திலகராணி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

கடல்பசு ஒன்று குட்டியோடு வந்து ஒரு மணி நேரம் அவளுக்குப் பக்கத்தில் நீந்தியதையும், அவள் இருந்த இடத்தில் மட்டும் மழை பெய்து வள்ளம் நனையாமல் இருந்ததையும், ஒரு சரக்குக் கப்பலின் கேப்டன் இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியைக் கழற்றியதையும் சொன்னேன், எல்லாவற்றுக்கும் ஜசிந்தா அடுப்பைப் பார்த்துக்கொண்டே ம் கொட்டினாள், அவள் தன்னைப் பற்றி எப்போதுமே சொல்ல மாட்டாள், சொல்லுவதற்கென்று ஒரு ஆள் வேண்டாமா, தண்ணீருக்குள் கையைப் போட்டால் ஒரே மாதிரி போடுவாள், நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு கை, பதின்மூன்று மணி நேரம், வள்ளத்தைத் தொட்டால் கணக்கில் சேராது என்பதால் மூங்கிலில் கட்டி நீட்டிய போத்தலைப் பல்லால் கவ்விக் குடித்தாள், சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் சுற்றிக்கொண்டு முழங்கையில் தீய்த்தபோதும் கையை நிறுத்தவில்லை, அந்தத் தடம் இடது முழங்கையில் இன்னும் கயிறு மாதிரி இருக்கிறது, திலகராணி அதை எட்டிப் பார்த்தாள், இதுக்கும் சிவப்பால நம்பர் போட்டுராதீங்க என்றாள் ஜசிந்தா.

கடைசியில்தான் ஒன்றாம் எண்ணுக்கு வந்தோம், நடு அறையின் நடுவில், கண்ணாடிப் பெட்டியில், கடலைக் கடந்த அந்த நாள், திலகராணி தயங்கித் தயங்கிச் சொன்னாள், கோப்பை இருக்கு, தொப்பி இருக்கு, ஆனா கடந்தாங்கன்றதுக்கு ஆதாரம் சாட்சி எழுதின நேரக் குறிப்புத் தாள்தான், நீச்சல் சங்கத்துல கேட்டா கரையான் தின்னுருச்சுன்றாங்க, அது இல்லாட்டி மேலிடத்துல ஒரு சொல் சேக்கச் சொல்லியிருக்காங்க சார். என்ன சொல் என்றேன், கூறப்படுகிறது என்றாள், நீந்திக் கடந்ததாகக் கூறப்படுகிறது. போட்டுட்டுப் போகட்டும்மா, கடலுக்குத் தெரியும் என்றாள் ஜசிந்தா. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த நகப்பூச்சு கொட்டிவிட்டது, புளியமரத்துப் பேயையும் கோட்டைச் சுவர்ப் புதையலையும் பற்றி எழுதுகிற சொல் அது, அவளுடைய ஐம்பத்திரண்டு கைகளின் மேல் அதைக் கொண்டுபோய் ஒட்டுவதா, ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து அதை வாய்விட்டுப் படிப்பதா, தாள் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, சங்கத்தில் கொடுத்தது நகல் என்றேன். அப்ப இத்தனை வருஷமா ஏன் சார் வெளிய எடுக்கல என்றாள் திலகராணி, ஒரு தாளை எப்போது எடுக்கவேண்டுமோ அப்போதுதான் எடுக்கவேண்டும் என்றேன், ஜசிந்தா முதல் தடவையாக அடுப்பிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் கொண்டுபோனேன், நாலாக மடித்த கோடு போட்ட தாள், மடிப்பில் இன்னும் மணல் இருந்தது, விடியற்காலை நாலு நாற்பதுக்குப் புறப்பாடு, மாலை ஆறு பதினைந்துக்கு அரிச்சல்முனை, என் ஸ்டாப்வாட்ச்சின் முள் அரைமணிக்கு ஒரு சுற்று என்பதால் இருபத்தேழு சுற்றும் ஐந்து நிமிடமும் என்று அடியில் எழுதியிருந்தேன், மூலையில் கறுத்த தலை தெளிவாகத் தெரிந்தது என்று ஒரு குறிப்பு. திலகராணி கெட்டிக்காரி, தாளையும் பார்த்தாள், மேசையில் இருந்த மூன்றாம் எண்ணையும் பார்த்தாள், அது நீச்சல் தொப்பி, ரப்பர், பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், சார், அம்மா ஆரஞ்சுத் தொப்பி போட்டுத்தான நீந்தியிருக்காங்க, நீங்க கறுத்த தலைன்னு எழுதியிருக்கீங்களே என்றாள். முப்பத்து நாலு வருடம் ஆயிரம் பையன்களை வெயிலில் நிறுத்திக் கேள்வி கேட்டவன் நான், ஸ்டாப்வாட்ச்சை எடுத்துச் சாவி கொடுக்க ஆரம்பித்தேன், சூரியனுக்கு எதிர்ல பாத்தா எல்லாத் தலையும் கறுப்புதாம்மா, மாஸ்டர் மேற்கால இருந்தாரு, நான் கிழக்கால இருந்து வந்துட்டிருந்தேன், வெயில் ஏறுற நேரம் என்றாள் ஜசிந்தா, மீன் வாணலியை இறக்கிவைத்தபடி, உப்புப் பார்க்கச் சொல்வதுபோல. திலகராணி தலையை ஆட்டிவிட்டு ஒரு அச்சடித்த படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள், இத்தாளில் கண்டவை யாவும் நான் என் கண்ணால் நேரில் கண்டவை என்று உறுதி கூறுகிறேன், கீழே புள்ளிக் கோடு, அந்தக் கோட்டின் மேல் பேனாவை வைத்தேன், மை வருகிறது, கை வரவில்லை, கோடு கொஞ்சம் கொஞ்சமாக அலை மாதிரி ஏறி இறங்க ஆரம்பித்தது, வெந்த ரப்பர் வாடையும் டீசல் வாடையும் எங்கிருந்தோ வந்தன, சார், உடம்புக்கு முடியலயா என்று திலகராணி கேட்பது கரையிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. கையெழுத்தப் போடுங்க மாஸ்டரே, சாள ஆறுது என்றாள் ஜசிந்தா. போட்டேன்.

அப்படித்தான் அந்தச் சொல் வராமல் போயிற்று, போய்ப் பாருங்கள், ஒன்றாம் எண், ஜசிந்தா மொராயிஸ், தலைமன்னார் முதல் அரிச்சல்முனை வரை, பதின்மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம், நேரில் கண்டவர் என்று போட்டு அடியில் என் பெயர். திறப்பு விழாவில் பெரிய ஆட்கள் பேசினார்கள், ஜசிந்தா முன் வரிசையில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்துபோய் நாலாம் எண் முன்னால் நின்றாள், பூரித்துப் போய்விட்டாள் என்று நினைத்து நான் பின்னாலேயே போனேன், அவள் திலகராணியின் காதில், யம்மா, அந்த அரிசிக் கோப்பைய மட்டும் குடுத்துரு, பத்து நாளா சோறு ஒண்ணு கூடுது, இல்லன்னா பத்தல என்று சொல்லிக்கொண்டிருந்தாள், பதிவேட்டுல ஏறிருச்சேம்மா என்றாள் திலகராணி. ஆனால் கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள், கண்ணாடியைத் திறந்து கோப்பையை எடுத்து, தன் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு வந்த எவர்சில்வர் தம்ளரில் அதன் கொள்ளளவுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு அந்தத் தம்ளரை ஜசிந்தாவிடம் நீட்டினாள், கொடுத்தவர்கள் பெயர் எழுதாத ஒரே பரிசு அதுதான் என்று நினைக்கிறேன், அதை மட்டும் ஜசிந்தா வீட்டில் அலமாரியில் வைத்திருக்கிறாள், சோறு வடிக்கும்போது எடுப்பாள்.

இப்போது தினமும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நான் அந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், சம்பளம் கிடையாது, டீ உண்டு, வருகிற பிள்ளைகள் நேரில் கண்டவர் நீங்களா தாத்தா என்று கேட்கிறார்கள், சுறாவைச் சொல்கிறேன், கப்பல் கேப்டனைச் சொல்கிறேன், சில நாள் ஜசிந்தாவும் மீன் வாங்கிக்கொண்டு போகிற வழியில் வந்து கதவோரம் நின்று கேட்பாள், கடல்பசுக் குட்டிக்குப் பேரு என்ன வச்சீங்க மாஸ்டரே, இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவேயில்லயே என்பாள், ஐம்பத்தாறு வருடமாக ஒரு ஆளிடம் கூட அவள் வேறு விதமாகச் சொன்னதில்லை, கித்தேரியானும் சாகும்வரை சொல்லவில்லை. பிள்ளைகள் போனதும் கண்ணை மூடுகிறேன், சிரட்டை போல அந்தக் கறுத்த தலை எழும்புகிறது, ஆனால் அலைமேல் அல்ல, எனக்கு நேர் மேலே, மாலை வானம் முழுவதையும் மறைத்துக்கொண்டு, ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கூந்தலிலிருந்து உப்புத் தண்ணீர் என் முகத்தில் சொட்டச் சொட்ட, எழும்புங்க மாஸ்டரே, கரை வந்தாச்சு, நேரம் எழுதணும்ல என்கிறது. வள்ளம் தலைமன்னாரை விட்டு நகரும் முன்பே குமட்டலுக்கு இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்த நான் அப்போதுதான் கண் விழித்தேன்.