விட்ட இடத்திலிருந்து

இரும்புலியூர் திரிபுரசுந்தரிக்கு முருகன் மேல் கோபமில்லை. துதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தின் மேல்தான் கோபம். நாற்பத்தெட்டு நாள் படிக்க வேண்டிய அந்தப் புத்தகத்தில், "நடுவே எழுந்தால் முதல் நாளிலிருந்து தொடங்கவும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது லாரிக்காரனுக்கே தெரியாது. முதல் தடவை பதினோராம் நாள் எழுந்து ஓடினாள். அடுத்த தடவை இருபதாம் நாள். இந்தத் தடவை முப்பத்தொன்பதாம் நாள் வரை வந்துவிட்டாள், பாதிப் பாட்டில் ஹாரன் அடித்துத் தொலைத்தது.

தண்ணீரை இறக்கி வைத்த கையோடு, புத்தக அட்டையில் இருந்த குன்றத்தூர் விலாசத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள். "உங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருகிறதா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

நாலாம் நாள், புத்தகத்தை எழுதியவரே பதில் போட்டிருந்தார்.

"அம்மா, நடுநடுவே ஊர்வம்பு பேச எழுந்து போகிறவர்களுக்காகப் போட்ட வரி அது. நீங்கள் தண்ணீர் பிடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படியுங்கள். எங்கள் தெருவிலும் லாரிதான். அந்தப் பாட்டுகளை எழுதும்போது நானே எத்தனையோ தடவை குடத்தோடு ஓடியிருக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பிலிருந்து நிறைகுடத்தை இறக்கி வைத்தாற்போல இருந்தது.

மறுநாள் முப்பத்தொன்பதாம் நாள் பாட்டை எடுத்து உட்கார்ந்தாள். பாதியில் ஹாரன் அடித்தது. அந்தப் பதில் கார்டையே அடையாளமாகச் செருகி வைத்தாள்.

"இரு முருகா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தாள்.