கரகரப்பும் கனமும்

"ஞாயித்துக்கெழம ரிசப்ஷனுக்கு வாசிம்மா. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்" என்று சரவணகுமார் சொன்னதும், அந்த 'பாத்துக்கலாம்' எங்கே போய் முடியும் என்று வேதாவுக்குப் புரிந்துவிட்டது.

சரவணகுமார் திருவண்ணாமலையில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். வேதா அதில், பாட்டுக்கு அடியில் கனமான கீழ்ஸ்தாயி கொடுக்கும் பேஸ் கிதார் வாசிக்கிறாள். பகலில் ஜெராக்ஸ் கடை வேலை, கச்சேரி இருந்தால் மாலையில் மேடை. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அதை விடவில்லை. புருஷன் தருமனே தன் ஆட்டோவில் அவளையும் கிதாரையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவான்.

2001-ஆம் வருஷம் குழுவுக்குப் புது கீபோர்டு வந்தது. இடது கையாலேயே பேஸையும் வாசித்துவிடலாம், தனியாக ஓர் ஆள் எதற்கு என்ற பேச்சும் கூடவே வந்தது. கீபோர்டு வாசிக்கும் மாறன் வாயே திறக்கவில்லை. வேதாவுக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்த பெடல் கிடைத்தது. ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் இருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது தருமனுடைய ஆட்டோவில் ஏறினார். தருமன் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு, உன் மனைவி பேஸ் வாசிக்கிறாளா என்று வியந்து, இறங்கும்போது தன் ஃபஸ் பெடலை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். காலால் மிதிக்கும் சின்ன இரும்புப் பெட்டி. மிதித்தால் கிதாரின் நாதம் பிசிறி, தொண்டை கட்டியவன் கத்துவது போலக் கரகரக்கும்.

ஒத்திகையில் வேதா ஆசையாக அதை மிதித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் கரகரப்பு வந்த வேகத்தில் கீழ்ஸ்தாயியின் கனம் போய்விட்டது. காலுக்குக் கீழே தரை நழுவினாற்போலப் பாடகி ஆதிலட்சுமி சுருதி தப்பிப் பாட்டை நிறுத்தினாள். "தகர டப்பாவுல வண்டு பூந்த மாதிரி இருக்குதுடி வேதா!" குழுவே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் சரவணகுமார் அந்த 'பாத்துக்கலா'மைச் சொன்னார்.

ராப்பகலாக அவளுக்கு அதே யோசனை. பெடலைத் தூக்கிப் போட்டுவிட்டால் பழைய வேதாதான். கீபோர்டின் இடது கையே போதும் என்பார்கள். மிதித்தால் பாட்டு கெடும். நாதம் முழுவதையும் அந்தப் பெட்டிக்குள் ஏன் விட வேண்டும் என்று சட்டென்று தோன்றியது. கிதாரிலிருந்து வரும் வயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராக ஒரு ஆம்பிளிஃபயருக்கும், இன்னொன்றை பெடல் வழியாக வேறொன்றுக்கும் விட்டால்? அடியில் சுத்தமான பேஸ் நிற்கும், மேலே கரகரப்பு ஏறி உட்காரும்.

ஞாயிறு மதியமே வேதாவும் தருமனும் ரிசப்ஷன் நடக்கும் அடி அண்ணாமலை கிராமத்துக்குப் போய்விட்டார்கள். கல்யாண வீட்டுக்கு எதிரே காலி மனையில் பந்தலும் மேடையும். குழுவின் ஆம்பிளிஃபயர்கள் இரண்டையும் அருகருகே வைத்து, வயர்களைச் செருகி, பெடலை மிதித்து, வேதா ஒரு தந்தியை அடித்தாள்.

ஒத்திகையை விட மோசமாக இருந்தது. கனம் என்று பேருக்குக்கூட இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. தருமன் பந்தலின் கோடியில் போய் நின்றான். "ஒவ்வொண்ணா வுட்டு வாசி, பாக்கலாம்" என்று அங்கிருந்து கத்தினான். வாசித்தாள்.

"தனியா வாசிச்சா நேரா வர்றது அம்சமா கீது. அந்த கரகரப்பும் பரவால்ல. ரெண்டும் சேந்தா மட்டும் கம்மியாயிடுது வேதா!"

சேர்ந்தால் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும்? வேதா இரண்டு ஸ்பீக்கர்களையும் உற்றுப் பார்த்தாள். ஒன்று காற்றை வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால் மிஞ்சுவது என்ன?

"என்னங்க, ஸ்க்ரூ டிரைவர் குடுங்க. பெடல்ல போனதும் தலைகீழா வருது போல. ரெண்டும் ஒண்ண ஒண்ணு முழுங்குது."

ஆம்பிளிஃபயரை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு ஸ்பீக்கரின் பின்னால் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் இடம் மாற்றி முடுக்கினாள். மறுபடியும் அதே தந்தி. மேடைப் பலகை அதிர்ந்தது. பந்தக்காலில் சாத்தியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடுகிடுவென ஆடின. தருமன் கோடியிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். வேதா சிரித்துக்கொண்டே, கரகரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பேஸுக்கு மேல் ஒரு மெல்லிய பூச்சாக நிற்கும் இடத்தில் விட்டாள்.

மாலையில் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறி, கூட்டம் நிறைந்த பிறகு, ஆட்டப் பாட்டின் முறை வந்தது. சரவணகுமார் மாறனிடம் கண்ணைக் காட்டினார். வேதா சறுக்கினால் பிடித்துக்கொள்ள மாறனின் இடது கை பேஸ் கட்டைகளின் மேல் தயாராக இருந்தது. பல்லவி முடிந்த இடத்தில் வேதா பெடலை மிதித்தாள்.

கனம் அசையவில்லை. அதன் முதுகில் ஏறிக்கொண்டு கரகரப்பு உறுமியது. உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைத் தோழர்கள் விசிலடித்தபடி எழுந்து முன்னால் வந்தார்கள். ஆதிலட்சுமி சரணத்தை ஒரு பிசகில்லாமல் எடுத்தாள். பாடிக்கொண்டே வேதாவைப் பார்த்துத் தலையாட்டினாள். மாறன் இடது கையைக் கட்டையிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் போல மூச்சு விட்டான். வேண்டாத வேலையை அவன் தலையிலும் கட்டியிருந்தார்கள் என்பது வேதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் சரவணகுமார் அவள் பக்கமாக வந்து குனிந்தார். "இன்னாம்மா பண்ண?"

"பிரிச்சு வுட்டேண்ணா."

"இருக்கட்டும். அடுத்த மாசம் செங்கத்துல ரெண்டு கச்சேரி கீது. அங்கயும் இப்படியே வெச்சுக்க." கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கு நா சொன்னத மனசுல வெச்சுக்காத" என்றார்.

கச்சேரி முடிந்து இருவரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். தருமன் தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தான். அவள் அதைத் தின்றாள். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அண்ணா, சாம்பார் ஜாஸ்தியா ஊத்துங்க" என்றாள்.