எலோதியா வீட்டுப் பின்னறை

ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த அரை எலுமிச்சையை என்ன செய்வதென்று தெரியாமல் வெர்னா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊருக்குக் கிளம்புகிற நாளில் மட்டும் இப்படி அற்ப விஷயத்துக்கெல்லாம் மூளை நின்றுவிடும். பாலாடைக்கட்டி பக்கத்து அறைக்குப் போயாயிற்று. முட்டைகளை வீட்டுக்காரி எலோதியா எடுத்துக்கொண்டாள். எலுமிச்சையைக் கடைசியில் வெர்னாவே தன் வாயில் பிழிந்துகொண்டாள். முகம் கோணிப்போயிற்று. களைப்பாக இருந்தது. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது. பிப்ரவரியில் புருஷன் ஓரெஸ்ட் கடற்கரை மணலில் மடங்கி விழுந்தானே, அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

வெளியே முற்றத்தில் ஓரெஸ்ட் டேப் கிழிக்கும் சத்தம் கேட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

கனடாவில், சஸ்காச்சுவானில் பனி விழ ஆரம்பித்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு மெக்சிகோவுக்கு ஓடிவந்து, பனி உருகும் சமயத்தில் திரும்பிப் போகிற கூட்டத்தில் அவர்களும் சேர்த்தி. எலோதியாவின் முற்றத்தைச் சுற்றி அறையெடுத்துத் தங்குகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான். போகும்போது வாணலி, காபிக் கெண்டி, கடற்கரைக் குடை என்று தட்டுமுட்டுச் சாமான்களை ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, பேரை எழுதி, எலோதியாவின் பின்னறையில் வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த குளிருக்கு வருவேன் என்று யாரும் வாயால் சொல்வதில்லை, பெட்டியே சொல்லிவிடும். பெட்டி இருக்கிறவர்களின் அறையை எலோதியா வேறு யாருக்கும் விடமாட்டாள். பெட்டி வைக்காமல் போனவர்களை ஏன் என்று கேட்கவும் மாட்டாள்.

இவர்கள் இனி வரப்போவதில்லை. ஓரெஸ்ட்டின் இதயத்துக்கு வெளிநாட்டில் காப்பீடு கிடையாது என்று கம்பெனிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். போதும்மா, வீட்டோட கிடங்க என்று மகள் போனில் அழுதாள். வெர்னா இதை அவனிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒருமுறை காதுக் கருவியைக் கழற்றி வைத்தான். இன்னொருமுறை கூழைக்கடா பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டான். பெட்டியை வைத்துவிட்டுப் போனால் பாவம், எலோதியா குளிர்காலம் முழுக்க அறையைப் பூட்டிவைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பாள். கிளம்புவதற்குள் சொல்லியே தீர வேண்டும்.

வெர்னா முற்றத்துக்கு வந்தாள்.

"ஒரே பெட்டிக்கு அந்த டேப் மொத்தத்தையும் சுத்தப்போறியா?"

"கரப்பான் பூந்துடும் கிழவி. போன வருஷம் சர்க்கரை டப்பாவுல குடும்பமே நடத்திச்சு."

"ஓரெஸ்ட், எலோதியாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் டேப்பைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினான். பிறகு தலையைத் தூக்கி மாமரத்தைப் பார்த்தான். "இத்தனை வருஷமா வர்றோம். ஒரு தடவையாவது இந்த மரத்துப் பழத்தைத் தின்னுருக்கமா? பழுக்கிற நேரம் பாத்து ஓடிடறோம்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பெட்டியை நீயே கொண்டுபோய் வச்சிடு. நான் எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே" என்றான். தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற வண்டியை நோக்கி நடந்தான். நடையில் இடது கால் சற்று இழுபட்டது.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கெட்டதைச் சொல்கிற வேலை எல்லாம் இந்த வீட்டில் எப்போதும் அவள் தலையில்தான் விழும். முற்றத்துக் கல் திட்டில் உட்கார்ந்தாள். தெருவில் கேஸ் சிலிண்டர் வண்டி தன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போயிற்று. முதல் வருஷம் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டவள் அவள். இப்போது அது தெருமுனை திரும்பித் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். சோள ரொட்டிக் கடையிலிருந்து சூடான காகிதப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிற காலைகள், அகால நேரத்தில் கூவும் கிறுக்குச் சேவல், தப்புத் தப்பாகப் பேசினாலும் நின்று கேட்கிற ஜனங்கள். இந்த ஊரை அவள் எவ்வளவு விரும்பினாள் என்று இன்றைக்குப் பார்த்தா தெரிய வேண்டும். ஒரு மாங்காய் தகரக் கூரையில் டமாரென்று விழுந்து உருண்டது.

சரி, ஆகட்டும் என்று எழுந்தாள். முதுகைப் பதமாக வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் அது மோவாயில் இடித்தது. காலிப் பெட்டி. ஒரே ஒரு கரண்டி மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சறுக்கியது.

முந்தாநாள் மீன்கடைக்காரன் கையில் பார்த்த காபிக் கெண்டி யாருடையது என்று இப்போது விளங்கியது. தினமும் காலையில் நடக்கப் போகிறேன் என்று கையில் பையோடு கிளம்பியவன் ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்திருக்கிறான். இனி வரப்போவதில்லை என்று அவளுக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டியை மார்போடு பிடித்தபடி நின்றாள். அழுகை வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும்.

"கிளம்பியாச்சா, தோன்யா வெர்னா?" அந்த ஊர் மரியாதைப்படி பேருக்கு முன்னால் தோன்யா போட்டுக் கூப்பிட்டபடி சாவிக்கொத்தோடு எலோதியா வந்தாள். "இந்த வருஷமும் என் மாமரத்தை ஏமாத்திட்டுப் போறீங்க. பழம் ஒண்ணொண்ணும் உங்களைச் சபிக்கும் பாருங்க."

பின்னறையைத் திறந்தாள். உள்ளே தூசும் பூச்சி மருந்தும் மணத்தன. பேர் எழுதிய பெட்டிகள் வரிசையாக இருந்தன. "மேல்தட்டுல உங்க இடம் அப்படியே இருக்கு. யாரையும் தொட விடல."

வெர்னா சொல்லவேண்டியதை இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள். "பாத்து... கனம்" என்றுதான் வந்தது.

எலோதியா கைகளை அகல விரித்து, காலை ஊன்றிப் பெட்டியை வாங்கினாள். அது அவள் கையில் துள்ளி எழுந்தது. கரண்டி சறுக்கும் சத்தம் இருவருக்கும் கேட்டது. எலோதியா பெட்டியைப் பார்த்தாள். பிறகு திறந்த கதவு வழியாகத் தெருவைப் பார்த்தாள். வண்டியில் ஓரெஸ்ட் தொப்பியோடு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான், ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு.

எலோதியா மெல்ல முதுகை வளைத்தாள்.

"அம்மாடி, என்ன கனம்!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "தோன் ஓரெஸ்ட் கல்லையா கட்டி வச்சிருக்காரு? ஒரு கை பிடிங்க, தோன்யா."

வெர்னா மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பெண்களும் முக்கி முனகி, நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தப் பெட்டியை மேல்தட்டுக்கு ஏற்றினார்கள்.