அன்றைக்கு வாசித்தது

பியானோவின் முன்சக்கரம் படுக்கையறை நிலைப்படியில் சிக்கிக்கொண்டது. பாதி உள்ளே, பாதி கூடத்தில். அறைக்குள் மனைவியும் நர்ஸும் இருந்தார்கள். கூடத்தில் லிஃப்ட்காரரும் மகளும். நடுவில், அந்த அறையின் ஒரே வாசலை அடைத்துக்கொண்டு, இருநூறு கிலோ மரமும் இரும்பும் நின்றன.

“சார், அவசரம்னா நான் எப்படி வெளிய வர்றது?” என்று நர்ஸ் உள்ளேயிருந்து கேட்டாள்.

“ரெண்டே நிமிஷம் சிஸ்டர்.”

“அப்பா, இப்போ இது தேவையா?” என்றாள் மகள். காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள்.

லிஃப்ட்காரர் தரையோடு தரையாகப் படுத்துச் சக்கரத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு மாடிக்கு நடுவில் ஆளோடு தொங்கிய கூண்டைக் கையால் சக்கரம் சுற்றியே இறக்கியவர். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். பெயரைச் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேனே முழிப்பான். ஒரு மரச்சட்டத்தைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். பியானோ முனகிக்கொண்டே உள்ளே போய், கட்டிலிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றது.

கட்டிலைக் கூடத்துக்குத் தள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அசைத்தால் மூச்சு தாங்காது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆக்சிஜன் மெஷின் ஒரு மூலையில் இரைந்துகொண்டிருந்தது. அதன் குழாய் மூக்கில் இருக்க, மனைவி கண்ணை மூடிக் கிடந்தாள். தூக்கமா மயக்கமா என்று நர்ஸைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

காலையில் டாக்டர் வந்தார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க. இன்னைக்குள்ள” என்றார். லிஃப்ட்காரர் அடுத்த மாதக் கல்யாண நாளுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தார். இன்றைக்குள் என்றால் அதுவும் இன்றைக்குத்தான் நடந்தாக வேண்டும்.

அவள் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். நீதிபதி சொல்லச் சொல்ல அடிப்பாள். சாட்சி அழுதால் அழுதான் என்று அடிப்பாள். ரிட்டையர் ஆன அன்று கூட வேலை பார்த்தவர்கள் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள், இவளை மட்டும் காணோம். லிஃப்ட்காரர் தேடிக்கொண்டு வந்தால், வரவேற்பறையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஒரு சுருட்டைத் தலைக்காரன் பக்கத்தில் கைப்பையை அணைத்துக்கொண்டு நிற்கிறாள். சோபாக்களில் ஆட்கள் காபி குடித்துக்கொண்டும் டாக்ஸிக்குக் காத்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் பேச்சுக்கு அடியில் மெதுவாக ஓடுகிற மாதிரி அவன் ஜாஸ் வாசித்தான். அவனை அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அடுத்தது என்ன வாசிப்பீங்கன்னு கேட்டேன்” என்றாள், வீட்டுக்கு வரும் வழியில். “தெரியலைங்கறான். இடது கை நாலே கார்ட்ஸை, ரெண்டு மூணு கட்டையைச் சேர்த்து அழுத்தறதை, சுத்திச் சுத்தி வாசிக்குமாம். வலது கை அந்த நேரத்துக்கு என்ன தோணுதோ அதை வாசிக்குமாம். எழுதி வெச்சுக்கறதே இல்லையாம்.”

“அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?”

“முப்பது வருஷம் அடுத்தவங்க சொன்னதையே அடிச்சேங்க. ஒரு கமாகூட என்னோடது இல்ல.”

அந்த மாதமே அவனிடம் படிக்கச் சேர்ந்துவிட்டாள். சுருட்டை என்றே அவனைக் கூப்பிட்டாள். அவனுக்கு முப்பது வயதிருக்கும். அவனே ஒரு பழைய பியானோவைத் தேடிப் பிடித்துக் கொடுத்தான். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா அண்ணி?” என்று சிரித்தாள். “எனக்கு அறுபது. வளையலைன்னா ஒடையட்டும், பாத்துக்கலாம்” என்றாள் இவள்.

முதல் வருஷம் வளையவே இல்லை. இடது கை ஒழுங்காகச் சுற்றும். வலது கை கட்டைகளுக்கு மேலே காத்துக்கொண்டே இருக்கும், யாராவது சொல்லட்டும் என்பதைப்போல. ஒருநாள் பியானோவின் மேல் தலையை வைத்து அழுதாள். லிஃப்ட்காரருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பெடலுக்கு எண்ணெய் போட்டார்.

இரண்டாவது வருஷத்தில் வாசிப்பு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சனிக்கிழமைகளில் சுருட்டை வருவான். ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஒன்று வாசிக்க இவள் அதற்குப் பதில் வாசிக்க, இரண்டு பேரும் சிரிப்பார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்பது காபியோடு நிற்கிற லிஃப்ட்காரருக்கு விளங்கியதே இல்லை. இந்த வயதில், அந்த வயதுப் பையன்மேல் பொறாமை என்று சொன்னால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். பொறாமைதான். முப்பத்தைந்து வருஷத்தில் தன்னோடு ஒருமுறைகூட அவள் அப்படிப் பேசியதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஏழு மாதம். அவளுடைய போனில் ஒரு பதிவு இருந்தது. அவள் தனியாக இருந்த ஒரு சாயங்காலம் தானே வாசித்துப் பதிந்து வைத்தது, இரண்டு நிமிடமும் சொச்சமும். அதைக் கேட்டதும்தான் லிஃப்ட்காரருக்கு அந்த யோசனை வந்தது. மற்றவர்கள் யாரும் அப்படியொன்றை யோசித்திருக்க மாட்டார்கள். கறுப்பும் வெள்ளையுமாக இருந்த எண்பத்தெட்டு கட்டைகளிலும், மாடிக்கு நம்பர் போடுவதுபோல, ஒன்றிலிருந்து நம்பர் எழுதிச் சின்னச் சின்னதாக ஒட்டினார். பதிவை நூலளவு ஓட்டி நிறுத்தி, எந்தச் சத்தம் எந்த நம்பர் என்று கட்டை கட்டையாகத் தேடினார். லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு, இடது கை, வலது கை என்று எழுதினார். எழுதியதை அப்படியே மனப்பாடம் செய்தார். மகள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்க, குளித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறவர் நாலு மணி நேரம் கழித்து வருவார். “அப்பாவால அங்க உக்கார முடியல” என்று மகள் யாரிடமோ போனில் சொன்னதை அவரே கேட்டார். அதுவும் பொய்யில்லை. அங்கே உட்கார்ந்து அவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. எந்த போல்ட்டையும் முறுக்க முடியாது. இங்கே, ஒரு நாளைக்கு ஐந்து நம்பராவது முன்னேறின.

போன ஞாயிற்றுக்கிழமை சுருட்டை போன் செய்தான். “ஒரு தடவை வந்து கொஞ்சம் வாசிச்சுட்டுப் போறேனே. அவங்க கேப்பாங்க” என்றான்.

“தூங்கறா” என்றார் லிஃப்ட்காரர். அவள் தூங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமையும் கேட்டான். அன்றைக்கும் அவர் அவளைத் தூங்க வைத்தார்.

இப்போது அவர் மூடியைத் திறந்ததும் மகள் அந்த நம்பர்களைப் பார்த்தாள். “இதெல்லாம் என்னப்பா?”

“சும்மா இரு” என்றார். பெஞ்சில் உட்கார்ந்தார். கையை ஒரு தடவை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இடது கை இருபத்தெட்டு, முப்பத்திரண்டு. வலது கை ஐம்பத்தொன்று.

வாசித்தார். அதை வாசிப்பு என்று சொல்வதும் கஷ்டம்தான். ஒவ்வொரு சத்தமும் அதன் இடத்தில் நின்றுவிட்டு, கதவு திறந்து மூடி, அடுத்ததற்குப் போனது. ஆனாலும் ஒரு நம்பர்கூடத் தவறவில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் மருந்துத் தட்டைக் கீழே வைத்தாள். சுமார் அரை நிமிடத்தில் கட்டிலில் கண் திறந்தது.

“இது… நாந்தான?” என்றாள் மனைவி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது.

“ஆமா, நீதான். நீ வாசிச்சதேதான்” என்றார், கையை நிறுத்தாமல். நிறுத்தினால் திரும்ப எங்கே சேர்வது என்று அவருக்குத் தெரியாது.

அவள் கேட்டாள். முகத்தில் ஏதோ தளர்ந்தது. ஓரிடத்தில் உதடு கோணி, அது சிரிப்பாயிற்று. “அந்தத் தப்பு… கூட.”

“எது தப்பு?” அவர் திடுக்கிட்டுப் போனார். எது தப்பு, எது சரி என்று அவருக்கு எங்கே தெரியும். எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடுதான் படித்திருந்தார்.

அவளுக்குச் சந்தோஷம் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. ஏழு மாதத்தில் தன்னால் அவளுக்கு முதல்முறையாக ஒன்று செய்ய முடிந்திருக்கிறது. கடைசி நம்பருக்கு வந்தார். எழுபத்திரண்டு. அழுத்தினார், கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மனைவி காத்திருந்தாள். “அப்புறம்?”

“அவ்வளவுதான்மா. அதோட பதிவு நின்னுடுச்சு. நடுவுல போன் வந்திருக்கு.” அந்தப் போனைச் செய்தது யாரென்று அவர் சொல்லவில்லை. வரும்போது தக்காளி வாங்கணுமா என்று கேட்கக் கூப்பிட்டது அவர்தான்.

“மேல… போங்க.”

“மேல இல்லையே.”

“இல்லாததைத்தான்… வாசிக்கணும்.”

அவர் கட்டைகளைப் பார்த்தார். எண்பத்தெட்டும் நம்பரோடு அவரைப் பார்த்தன. லிஃப்டில் நாலை அழுத்தினால் நாலுக்குத்தான் போக வேண்டும். வேறெங்காவது போனால் அதற்குப் பெயர் கோளாறு. வாழ்க்கை முழுக்க அந்தக் கோளாறைச் சரிசெய்தே சாப்பிட்டவர். இங்கே எதை வேண்டுமானாலும் அழுத்தலாம் என்பதே கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. விரலை ஒரு கட்டையின் மேல் வைத்தார். ஏன் இது, ஏன் பக்கத்துக் கட்டை இல்லை என்று தோன்றியதும் எடுத்துவிட்டார். இன்னொன்றில் வைத்தார். அவளுடைய மூச்சு இரைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, ஐம்பத்தொன்று.

போர்வையின் மேல் அவள் கை லேசாக எழுந்து, வேண்டாம் என்று அசைந்தது.

“அது… அன்னைக்கு வாசிச்சது” என்றாள்.

அவர் நிறுத்தினார். மகளைத் திரும்பிப் பார்க்காமலே, “சுருட்டைக்குப் போன் போடு” என்றார். “உடனே வரச் சொல்லு. எங்க இருந்தாலும் வரச் சொல்லு.” ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமையாவது சொல்லியிருக்கலாம். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

மகள் கூடத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். “கெளம்பிட்டாராம். இருபது நிமிஷத்துல இங்க இருப்பாராம்.”

அவர் கட்டில் பக்கம் குனிந்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். “இந்தாம்மா, சுருட்டை வர்றான். அவன் வாசிப்பான். நீ கேளு. இருபதே நிமிஷம்.”

அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று. “அவன்… எதுக்கு? நீங்க.”

“எனக்கு வரலையே” என்றார் லிஃப்ட்காரர். “எனக்கு ஒண்ணுமே வரலையேம்மா.” மகள் முன்னால், நர்ஸ் முன்னால், அறுபத்தாறு வயதில் அவருடைய கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அப்போது அவளுடைய வலது கை அசைந்தது. போர்வையின் மேல், ஆள்காட்டி விரல் ஓரிடத்தில் அழுந்தி எழுந்தது. பிறகு நடுவிரல், சற்றுத் தள்ளி. பிறகு மறுபடி ஆள்காட்டி. சொல்லிக் கொடுக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவசரமாக ஒரு கையைக் கட்டைகளின் மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, தலையைப் போர்வைப் பக்கம் திருப்பி, அந்த விரல்களையே உற்றுப் பார்த்தார். அதுவோ வெறும் வெள்ளைத் துணி.

“எந்த நம்பர்?” என்றார். “நம்பரை மட்டும் சொல்லு, போதும்.”

நடுவிரல் அழுந்தியது. இந்தத் தடவை எழவில்லை.

“நாப்பத்தேழா? அம்பதா?”

ஆக்சிஜன் மெஷின் இரைந்தது. மகள் கட்டிலின் அந்தப் பக்கம் வந்து, அம்மா, அம்மா என்று தோளைத் தொட்டாள். நர்ஸ் குனிந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி பத்து.

“சார்” என்றாள் நர்ஸ்.

“ஒரு நிமிஷம் இருங்க சிஸ்டர்” என்றார் லிஃப்ட்காரர், கையைக் கட்டைகளின் மேலிருந்து எடுக்காமல். “அவ இன்னும் சொல்லல.”

நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றாள்.