பதினேழாம் வாசல்

படகுப் போட்டியில் பதினேழாம் வாசலில் நிற்க வேண்டிய நடுவருக்குக் காய்ச்சல். மாற்று ஆள் தேடியதில் அகப்பட்டவன் போட்டியாளர் ஒருத்தியின் கணவன்; அவனிடம் நடுவர் உரிமம் இருந்தது. வேண்டாம் என்று அவன் தலைகீழாக நின்று பார்த்தான். "வேற ஆளில்லப்பா, போய் நில்லு" என்று தலைமை நடுவர் அட்டையைக் கையில் திணித்துவிட்டார்.

மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் வரும்போது கண்ணை மூடிக்காதீங்க, அது போதும்."

சிரிக்கிற விஷயமா இது? பன்னிரண்டு வருஷமாகத் துடுப்புப் பிடிக்கிறாள். இந்தப் போட்டியிலிருந்து அணிக்கு மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். இரண்டு முறை நான்காவதாக வந்து வெறுங்கையோடு திரும்பியவள். வயது முப்பத்து நாலு, முழங்கால் வேறு மக்கர் பண்ணுகிறது. இந்தத் தடவையோடு சரி என்று அவளே சொல்லியிருந்தாள்.

பாய்கிற தண்ணீருக்கு மேலே இரண்டு கழிகள் தொங்கினால் அது ஒரு வாசல். கழியில் படகோ துடுப்போ உடம்போ பட்டால் நடுவர் அட்டையைத் தூக்குவார், நேரத்தோடு இரண்டு விநாடி கூடும். சந்தேகம் என்றால் தூக்கக் கூடாது. நடுவராகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

அன்றைக்குக் கடைசிப் படகு அவளுடையது. அவன் அட்டையை இறுகப் பிடித்தான். முதுகுக்குப் பின்னால் மற்றவர்களின் பயிற்சியாளர்கள் கூடி நின்றார்கள். "பொண்டாட்டி வர்றா, இப்ப பாரு வேடிக்கையை" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

அவள் வந்தாள். படகுக்குள் மண்டியிட்டபடியே முதுகைச் சாய்த்துக் கழிக்கடியில் நுழைந்தாள். தண்ணீர் தெறித்தது. கழி ஆடியது. அவள் பட்டு ஆடியதா, தண்ணீர் பட்டு ஆடியதா? யோசிப்பதற்குள் அவன் கை மேலே போயிருந்தது.

அந்த இரண்டு விநாடியில் மறுபடியும் நான்காவது இடம்.

முறையீடு கொடுக்க ஐந்து நிமிடம் உண்டு. அவன் விழுந்தடித்து ஓடிப் படகுக் கொட்டகைக்குப் போனபோது அவளுடைய பயிற்சியாளர் தாளை நீட்டிக்கொண்டிருந்தார். "கையெழுத்துப் போடும்மா, நேரம் போகுது."

அவள் தாளை வாங்கி நாலாகக் கிழித்தாள். "வேணாம் சார். அவரு தூக்கினா பட்டிருக்கும். பார்க்காம தூக்குற ஆள் இல்ல அவரு."

"நான் பார்க்கல" என்றான் அவன். "கழி ஆடினதைத்தான் பார்த்தேன். பின்னால நாலு பேரு நின்னாங்க, பயத்துல தூக்கிட்டேன்."

பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டு புதுத் தாள் வாங்க அலுவலகத்துக்கு ஓடினார். போன வேகத்திலேயே திரும்பினார். நேரம் முடிந்துவிட்டது, பட்டியலை ஒட்டியாகிவிட்டது.

அவள் படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிட்டாள். சொட்டுச் சொட்டாக வடிந்து முடியும்வரை அவனைப் பார்க்கவே இல்லை.

"ஒன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் பிறகு. "வேற ஒருத்தர் பொண்டாட்டி வந்திருந்தா தூக்கியிருப்பீங்களா?"

தூக்கியிருக்க மாட்டான். அது இருவருக்கும் தெரியும். அவன் குனிந்து படகின் மறுமுனையைப் பிடித்தான்.

"விடுங்க" என்றாள். படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முழங்கால் நோக, தனியாகவே வண்டியை நோக்கி நடந்தாள்.