செபினா வீட்டுக் கூரை

கோல்மனுக்கு இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. ஏணிப்படியில் மண்டிபோட்டே கூரை வேய்கிறவனை அந்த வலி விடாது. வெந்நீர்த் துணியைச் சுற்றிக்கொண்டு மதியக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தபோது வெளியே கூச்சல் கேட்டது. கூரை அறுக்கும் கத்தியையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வரிசையில் முதல் வீடான ஃபெஸ்டியின் வீடு புகைக்கூண்டோரம் பற்றி எரிந்தது. கடல்காற்று வேறு. அடுத்து செபினா வீடு, அப்புறம் பார்ட்லி, கடைசியில் கோல்மன். நாலு வீட்டுக்கும் ஒரே தொடராக வைக்கோல் கூரை.

"செபினா கூரைய வெட்டுய்யா!" என்று பார்ட்லி கோல்மனைப் பார்த்துக் கத்தினான். "நடுவுல இடைவெளி விட்டாத்தான் தீ நிக்கும். கத்திய முதுகு சொறியவா வச்சிருக்க?"

செபினா கைக்குழந்தையோடு ஏணிக்குக் குறுக்கே நின்றாள். புருஷன் ஸ்காட்லாந்தில் கரி வெட்டப் போயிருந்தான்.

"அண்ணே, தீ இன்னும் வரலியே. குளிர் தொடங்கப் போவுது, பிள்ளைய எங்க போடுவேன்?"

"நாளைக்கே நாங்க ரெண்டு வீடும் சேந்து புதுசா போட்டுத் தர்றோம். என் வார்த்தை. தள்ளிக்க தாயி," என்றான் கோல்மன்.

அவள் விலகினாள். அவன் கூரையை உச்சியிலிருந்து அறுத்து, கத்தை கத்தையாகச் சேற்றில் தள்ளினான். கடைசிக் கத்தை விழும்போது காற்று திரும்பியது. மழை கொட்டியது. ஃபெஸ்டியின் கூரை உள்ளே சரிந்து அவிந்தது. செபினாவின் சுவர்வரைக்கும்கூடத் தீ வரவில்லை.

மறுநாள் கோல்மன் பார்ட்லியிடம் வைக்கோல் கேட்டான்.

"குடுத்துட்டா மாடு என் மீசையையா திங்கும்? உன்னுத குடேன்."

கோல்மனின் வைக்கோல் முழுதும் போன மாதம்தான் அவன் கூரைமேல் ஏறியிருந்தது.

"பிரிச்சுக் குடு," என்றாள் அவன் மனைவி ஓனா. "அப்புறம் நாம மழையிலயே படுத்துக்கலாம். ஊரு உனக்குச் சிலை வைக்கும்."

அவன் பிரிக்கவில்லை. பழைய படகுப்பாய் ஒன்றைச் செபினாவின் சுவர்கள்மேல் இழுத்துக் கட்டினான். தை மாதப் புயல் அதைக் கொண்டுபோனது. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆறாம் நாள் மூச்சு அடங்கிவிட்டது. பெட்டியைக் கோல்மன்தான் சுமந்தான்.

இடுகாட்டு வாசலில் செபினா கேட்டாள்: "கூரை எப்ப, அண்ணே?"

"அறுப்பு முடியட்டும் தாயி."

அறுப்பு முடிந்தது. வைக்கோல் மாட்டுக்குப் போனது. பார்ட்லி வீடும் கோல்மன் வீடும் செபினாவுக்கு ஒரு கூரை பாக்கி.