மால்டாக் கோயிலின் தரை

அன்று வாலெட்டா நகரத்துப் பெரிய கத்தோலிக்கக் கோயிலில் நம்மவர் நால்வர் இருந்தார்கள்: ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிரகாசம், அவர் மனைவி ஞானசௌந்தரி, மால்டாத் தீவில் நர்ஸாக இருக்கும் மகன் பிராங்க், பிராங்கின் ஒன்பது வயது மகள் ரியா. சுற்றிக்காட்ட வந்தவர் கார்மெனா என்ற உள்ளூர் அம்மாள். மருமகள் ரெனிதாவுக்கு டூட்டி, அவள் வரவில்லை. மற்றவர்கள் முகம் தெரியாத பயணிகள்.

மூன்று நாளாக அந்தத் தீவு பிரகாசத்தைப் பேசவிடவில்லை. தேன் நிறக் கல்லில் கடலிலிருந்தே எழும்பி நிற்கும் மதில்கள். படகில் குகைக்குள் போனால் அடியில் யாரோ விளக்கேற்றி வைத்தது போல நீலமாய் எரியும் தண்ணீர். கையை விட்டால் கையும் நீலம். நடுப்பகலில் கோட்டைப் பீரங்கி வெடித்தபோது பயணிகள் எல்லாம் துள்ளினார்கள். டாங்கிகளோடு காலம் தள்ளியவர் அசையவில்லை.

அது கடைசி நாள். இந்தக் கோயிலின் பீடத்தருகே நின்று ஜெபிப்பதாக, ஆவடிப் பக்கத்துச் சேக்காட்டில், பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து வாக்குக் கொடுத்திருந்தார் பிரகாசம். பதினேழு குடும்பங்களின் வேண்டுதல்கள் சீட்டுகளாகச் சட்டைப்பையில் இருந்தன. கோயில் மூட அரை மணி நேரமே இருந்தது.

வாசற்படி ஏறியதும் ஞானசௌந்தரி, "மாதாவே!" என்று நின்றுவிட்டார். சுவர் முழுக்கப் பொன். வளைந்த கூரையில் ஓவியங்கள் மேகம் போல் மிதந்தன. அண்ணாந்து பார்த்த கழுத்து வலித்தபோதுதான் பிரகாசம் குனிந்தார். தரையிலும் ஓவியம். வண்ணப் பளிங்கில் கேடயங்கள், இறக்கை விரித்த சம்மனசுகள், அரிவாள் பிடித்த எலும்புக்கூடு.

"இன்னா கம்பளம் மாதிரி கீது?"

கார்மெனா சொன்னதை பிராங்க் தமிழில் சொன்னான். "கம்பளம் இல்ல நைனா. கல்லறை. வாசல்லேந்து பீடம் வரிக்கும் நானூறு வருசத்துப் பழைய வீரருங்கதான் பொதைஞ்சிகிறாங்க."

பிரகாசம் தூக்கிய காலைத் தூக்கியபடியே வாசற்படிக்குத் திருப்பிக்கொண்டார். சிறு வயதில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழியைத் தாண்டியதற்கு அவருடைய அப்பா விட்ட அறை இன்னும் கன்னத்தில் இருந்தது. அவர் குடும்பத்தில் யாரும் கல்லறை மேல் கால் வைத்ததில்லை.

"நைனா, வா. பின்னாடி ஜனங்க நிக்குது."

"நீ மெதிச்சிக்கினு போ. நான் வரல."

"அந்தக் கோடு மேலயே நடந்து வாங்க தாத்தா, பாண்டி ஆடுற மாதிரி!" என்றாள் ரியா.

"அறுபத்தெட்டு வயசுல நொண்டியடிக்கச் சொல்றியா?"

ஞானசௌந்தரி சிரிப்பை முந்தானையில் மறைத்தார்.

கார்மெனாவுக்கு விஷயம் புரிந்தது. முதல் கல்லின் அருகே குனிந்து லத்தீன் எழுத்துகளில் விரலை ஓட்டினார். தன்னைக் கடந்து போகிறவர் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போகும்படி அந்த வீரர் கேட்டிருக்கிறாராம்.

பிரகாசம் குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்தார். "நானூறு வருசமா கேட்டுகினே கீறாரா?" என்றார் மெல்ல.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் கல்லின் ஓரத்தில் முழங்காலிட்டார். "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே." பளிங்கின் குளிர் எலும்பு வரை ஏறியது. பெயர் தெரியாத ஒருவன், கப்பலேறிச் சண்டையிட்டவன், தன் முழங்காலுக்குக் கீழே காத்திருக்கிறான் என்ற நினைப்பில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுந்தார். அடுத்த கல். மீண்டும் முழங்கால்.

பிராங்க் கை நீட்டினான். "ஒண்ணும் வாணாம்," என்று அதை ஒதுக்கினார்.

ஐந்தாவது கல்லில் ஞானசௌந்தரியும் சேர்ந்து மறுமொழி சொன்னார். ரியா போனில் வீடியோ எடுத்தாள். பின்னால் வந்த பயணிகளில் சிலர் சத்தத்தைக் குறைத்து, சுவரோரமாக ஒதுங்கி நடந்தார்கள்.

பன்னிரண்டாவது கல்லில் கோயில் மூடும் மணி அடித்தது. பீடம் இன்னும் தூரத்தில் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது.

"ஓடிப்போய்த் தொட்டுட்டு வந்துடு நைனா. அவ்ளோ பேருகிட்ட சொல்லிகினு வந்தியே."

"இவங்க மேல ஓடியா?" என்றார் பிரகாசம். நின்ற இடத்திலேயே பதினேழு வேண்டுதல்களையும் வாசித்தார். வந்த வழியே திரும்பினார்.

ஊருக்கு வந்ததும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து, "பீடத்தாண்ட போவல. வாக்குத் தவறுனது நான்தான்," என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆனால் சேக்காட்டில் அமல்ராஜ் டீக்கடைப்பக்கம் ஒரு பேச்சு ஓடுகிறது. பளிங்குத் தரையில் பிரகாசம் வழுக்கி விழுந்தாராம், மகன்தான் தூக்கிவிட்டானாம், ரியாவின் வீடியோவிலேயே இருக்கிறதாம். பிரகாசம் விழவில்லை. முழங்காலிட்டார். பன்னிரண்டு முறையும் தாமாகவே எழுந்தார்.